கூசாமல் கேட்ட தாய்மாமன்

1

இந்த ஊரில் பஸ் சொன்ன நேரத்துக்கு வந்துவிடுகிறது. எனக்கு அதுவே ஒரு கவலை. மதுரையில் பஸ் பிந்தினால் டிரைவரைத் திட்டலாம், கண்டக்டரைத் திட்டலாம், அரசாங்கத்தைத் திட்டலாம். இங்கே பிந்துகிறவன் நான் ஒருவன்தான். ஆகையால் முன்னதாகவே போய்க் குளிரில் நிற்கிறேன். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்துக்கு, மகள் வீட்டுக்கு வந்து இது நாலாவது குளிர்காலம். இதுவரை மூன்று ஜோடி கையுறை தொலைத்திருக்கிறேன். சரியாகச் சொன்னால் ஜோடியாக ஒன்றும் தொலையவில்லை. மூன்று வலது கைகள் தொலைந்தன. இடது கைகள் மூன்றும் பத்திரமாக இருக்கின்றன.

இப்படி எண்ணிக்கொண்டிருப்பது என் வியாதி. கூட்டுறவுச் சங்கத்தில் காலமெல்லாம் கணக்கெழுதியவனுக்கு வேறென்ன வரும். மகள் செல்வராணி இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்கிற பிரிவில் வேலை செய்கிறாள். மருமகன் இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குகிறார். பேரனுக்கு நாலு வயது. நான் சோறு என்றால் சிரிக்கிறான். ரைஸ் என்றால் வாயைத் திறக்கிறான். என் மனைவி முத்துலட்சுமி அவனிடம் தமிழில் பேசுகிறாள், அவன் அவளிடம் ஆங்கிலத்தில் பேசுகிறான், இருவருக்கும் சண்டையே வருவதில்லை. நான்தான் நடுவில் இருந்துகொண்டு இந்தப் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து இருநூற்று நாற்பத்தேழில் எத்தனை தேறும் என்று கவலைப்படுகிறேன்.

சும்மா இருந்தால் இன்னும் கவலைப்படுவேன் என்று மகள் எனக்கு ஒரு வேலை பிடித்துக் கொடுத்தாள். ஆங்கிலம் தெரியாத தமிழர் யாராவது ஆஸ்பத்திரிக்கு வந்தால் கூப்பிட்டு அனுப்புவார்கள். நான் போய் டாக்டர் சொல்வதைத் தமிழிலும் நோயாளி சொல்வதை ஆங்கிலத்திலும் சொல்ல வேண்டும். சம்பளம் கிடையாது, தேநீர் உண்டு. அந்தத் தேநீரைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம், எழுத மாட்டேன்.

போன வாரம் கூப்பிட்டார்கள். கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். இளம் வயது. அவன் ஓர் ஓட்டலில் சமையல் வேலை பார்க்கிறான். அவள் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. முகம் வெளுத்துப்போய் இருந்தாள். எந்த ஊரம்மா என்றேன். "பேரையூர்ப் பக்கம்ணே" என்றவள் என் தலை நரையைப் பார்த்து "தாத்தா" என்று திருத்திக்கொண்டாள்.

நர்ஸ் பெயர் கேட்டாள், வயது கேட்டாள், விலாசம் கேட்டாள். எல்லாம் சரளமாகப் போயிற்று. அடுத்து, கடைசியாக மாதவிடாய் வந்தது எப்போது, எத்தனை நாள் இருந்தது, வலி உண்டா என்று கேட்டாள். அவனுக்கு அந்த அளவு ஆங்கிலம் தெரியும்போல. "இந்தா வாரேன்" என்று எழுந்து நடைபாதைக்குப் போய்விட்டான்.

அறையில் இரண்டு பெண்களும் நானும். கேள்வி மூன்றும் என் வாயில். தமிழில் வார்த்தை தேடினேன். தீட்டு, தூரம், மாதவிலக்கு, முழுக்கு, வெளியே உட்காருவது, ஒதுங்கியிருப்பது. ஆறு கைக்கு வந்தன. ஆறில் நாலு, அந்தப் பெண்ணைப் பிடித்து வாசலுக்கு வெளியே தள்ளுகிற வார்த்தைகள். அவள் தரையைப் பார்த்தாள். நானும் தரையைப் பார்த்தேன். நர்ஸ் எங்கள் இரண்டு தலைகளையும் பார்த்தாள்.

அப்போது முத்துலட்சுமியின் தம்பி, என் மைத்துனன் ஒச்சப்பன் நினைவுக்கு வந்தான். இந்த நாற்காலியில் அவன் இருந்தால் எப்படிக் கேட்பான் என்று யோசித்தேன். அதே மாதிரி கேட்டேன்.

"தாயி, கடைசியா எப்ப வந்துச்சு? எத்தனை நாளு இருந்துச்சு? வயிறு வலிக்குதா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். நான் கேட்காததையும் சொன்னாள்.

வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில், ஒச்சப்பனைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு, அதிலும் ஆண்களுக்கு, எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன்.

2

எழுபதுகளின் நடுவில் நாங்கள் செல்லூரில் குடியிருந்தோம். ஒரு சந்து. சந்துக்குள் எங்கள் வீட்டைத் தவிர எல்லா வீட்டிலும் தறி. காலையில் சந்தின் நீளத்துக்குப் பாவு நூலைக் கட்டி இழுத்து, கஞ்சி போட்டு, இழை பிரிப்பார்கள். அந்த நேரத்தில் சைக்கிள் ஓட்டக்கூடாது, பந்து எறியக்கூடாது, தும்மினாலும் திரும்பிக்கொண்டு தும்ம வேண்டும்.

செல்வராணி எங்களுக்கு நெடுநாள் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. எஸ்.எஸ்.எல்.சி. எழுதிக்கொண்டிருந்தாள். தமிழும் ஆங்கிலமும் முடிந்துவிட்டன. கணக்கு, விஞ்ஞானம், சரித்திரம் மூன்றும் பாக்கி. கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. நான் அவளுக்கு வட்டத்தைப் பற்றிய கணக்குகளைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நடுவில் எழுந்து போனாள். திரும்பி வரவில்லை. உள்ளே குசுகுசுவென்று பேச்சு. பிறகு என் அக்கா வெளியே வந்தாள். கணவனை இழந்து எங்களோடு இருந்தவள். வீட்டில் அவள் சொல்தான் சட்டம்.

"போதும்டா ஒன் பாடம். எழுமலைக்குப் போயி மாமன்காரனுக்குச் சொல்லிட்டு வா."

இதற்கு மேல் விளக்கம் கிடையாது. நானும் கேட்கவில்லை. நம் பக்கத்தில் பெண் வயதுக்கு வந்தால் முதல் செய்தி தாய்மாமனுக்குப் போக வேண்டும். அவன் பச்சைக் கீற்று வெட்டிக் கொண்டுவந்து தன் கையால் குச்சு கட்ட வேண்டும். அந்தக் குச்சுக்குள் பதினாறு நாள் பிள்ளை உட்கார வேண்டும். பிறகு அவன் சீரோடு வந்து நிற்க, சடங்கு சுற்றித் தலைக்குத் தண்ணீர் ஊற்றி வீட்டுக்குள் அழைப்பார்கள். மாமன் இல்லாமல் ஒன்றும் நடக்காது.

"நாளைக்குப் பரீட்சை இருக்கே" என்றேன்.

"பரீட்சையாவது கிரீட்சையாவது. சமஞ்ச பிள்ளை வாசல் தாண்டுமா? எழுதுன வரைக்கும் போதும். பேரையூர்ல அந்தப் பையன் வீட்டுலயும் பொண்ணு கேட்டுக்கிட்டுத்தானே இருக்காக."

பாக்கியைச் செப்டம்பரில் எழுதலாம் என்று வாயளவில் சொல்லலாம். குச்சுக்குள் போன பிள்ளை திரும்பப் பள்ளிக்கூடத்துக்குப் போனதாக எங்கள் வகையறாவில் ஒரு கணக்கும் கிடையாது. அன்றைக்கு முடிந்தால் முடிந்ததுதான். முத்துலட்சுமி அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். எனக்கு அவள் கண்ணும் புரிந்தது, அக்காவின் சட்டமும் புரிந்தது. பஸ் ஏறினேன்.

3

எழுமலையில் ஒச்சப்பனுக்கு இரண்டு ஏக்கர் தோட்டம். அத்தோடு பம்புசெட்டு ரிப்பேரும் பார்ப்பான். உரத்த குரல்காரன். ரகசியம் பேசினாலும் நாலு வரப்பு தாண்டிக் கேட்கும். எதையும் தெரிந்த மாதிரி ஆரம்பிப்பான், பாதியில் தெரியாது என்று தெரிந்ததும் யாரையாவது பிடித்துக் கேட்பான். இந்த இரண்டாவது குணத்தைத்தான் நான் சொல்ல வந்தேன்.

மோட்டார் அறையில் கிரீஸ் கையோடு இருந்தான். வாசலிலேயே நின்று சொன்னேன்.

"மாப்ள, எங்க அக்கா ஒன்னயக் கூட்டியாரச் சொன்னா."

அவன் என் முகத்தைப் பார்த்தான். "பிள்ள சமஞ்சிருச்சா?"

தலையாட்டினேன்.

"பயந்துருச்சா? வயிறு வலிக்குதாமா? என்ன சாப்பிட்டுச்சு?"

எனக்கு ஒன்றும் தெரியாது. அந்தக் கேள்விகளை யாரிடம் கேட்பது என்றும் தெரியாது.

"அட, நாளைக்குக் கணக்குல்ல?" என்றான். "அதுக்கு என்ன ஏற்பாடு?"

ஒரு ஏற்பாடும் இல்லை என்றேன். அக்கா சொன்னதைச் சொன்னேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டு சட்டை மாட்டினான். கீற்று வெட்ட வேண்டாமா என்றேன். "கீத்து எங்கயும் ஓடாது மச்சான். பஸ்ஸுதான் ஓடிரும்."

பஸ்ஸில் உசிலம்பட்டி வரைக்கும் அவன்தான் பேசினான். முன்சீட்டில் இருந்தவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். சில வருஷங்களுக்கு முன்னால் அவன் மனைவி பேச்சிக்கு ஒரு மாதம் உதிரம் நிற்காமல் போனதாம். தோட்டத்து வீட்டில் வேறு பெண்துணை இல்லை.

"மயங்கி விழுந்துட்டா மச்சான். என்னடின்னா சொல்ல மாட்டேங்கிறா. ஆம்பளைகிட்டச் சொல்லக் கூடாதாம். செத்தா நாந்தானே கொள்ளி வைக்கணும், அப்பச் சொல்லுவியான்னு கேட்டேன். அப்புறந்தான் சொன்னா. உசிலம்பட்டி டாக்டரம்மாட்டக் கூட்டிட்டுப் போனேன். நீங்க வெளிய இருங்கன்னாக. வெளிய இருந்து நான் என்னத்தக் கத்துக்கிறதும்மா, வீட்டுல பாத்துக்கிறது நாந்தானேன்னு உள்ளயே ஒக்காந்துட்டேன்."

"துணியெல்லாம்?"

"நாந்தான் அலசுனேன். என்ன, கை கழண்டு போச்சா?" கையை விரித்துக் காட்டினான். "மாடு எந்த வாரம் பருவத்துக்கு வரும்னு ஊரே பேசுது. ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டுப் போயி வரிசையில நிக்கிறோம். அதுல ஒருத்தனுக்கும் கூச்சமில்ல. கட்டுன பொண்டாட்டிக்கு என்னன்னு கேட்டா மட்டும் மீசை விழுந்துருமா?"

முன்சீட்டுக்காரர் மூன்றாவது முறை திரும்பினார். "சரியாச் சொன்னீக" என்றுவிட்டு அவசரமாக ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

மதுரையில் இறங்கியதும் அவன் நேரே ஒரு மருந்துக்கடைக்குப் போனான். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள்.

"அண்ணே, பொம்பளைக மாசாமாசம் வைக்கிற பஞ்சு பெட்டியில வருதாமே, அது ஒண்ணு குடுங்க."

கடைக்காரர் குனிந்தார், எடுத்தார், பெட்டி முழுவதையும் செய்தித்தாளில் சுற்றினார், சுற்றியதைக் காகிதப்பையில் போட்டார், பையை மடித்து நூலால் கட்டினார். வெடிகுண்டு கொடுப்பதுபோல் நீட்டினார். ஒச்சப்பன் அங்கேயே நூலை அவிழ்த்துத் தாளைப் பிரித்துப் பெட்டியைத் திறந்து ஒன்றை வெளியே எடுத்தான். அதோடு ஒரு நாடாவும் இருந்தது.

"இத எப்படிண்ணே கட்டணும்?"

"வீட்ல பொம்பளைங்ககிட்டக் குடுங்க. அவங்க பாத்துக்குவாங்க."

"எங்க வீட்டுப் பொம்பளைக இதக் கண்ணால பாத்ததில்ல. எல்லாம் பழைய சேலைத் துணிதான். நாளைக்கு விடிஞ்சா பிள்ளைக்குப் பரீட்சை. சொல்லுங்கண்ணே."

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "எனக்குத் தெரியாது தம்பி. நான் விக்கிறதோட சரி."

"எம்புட்டு வருசமா விக்கிறீக?"

"ஒரு பத்து வருசம் இருக்கும்."

"மச்சான், செத்த இதப் பிடிங்க" என்று ஒச்சப்பன் நாடாவை என்னிடம் நீட்டினான். நான் அதற்குள் கடைக்கு வெளியே போய், எதிரே நிற்கிற பஸ்களை எண்ணத் தொடங்கியிருந்தேன். பதினொன்று நின்றன. உள்ளே சிரிப்பு கேட்டது. தலைவலி மாத்திரை வாங்க வந்த ஒரு நர்ஸம்மா, வெள்ளைச் சேலை உடுத்தியவர், அவன் கையிலிருந்ததை வாங்கி நாடாவை எங்கே மாட்டுவது, எத்தனை மணிக்கொரு தரம் மாற்றுவது என்று கல்லா மேஜைமேல் வைத்தே காட்டிக்கொண்டிருந்தார். ஒச்சப்பன் மோட்டார் பாகம் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தான். கடைக்காரரும் பார்த்தார். மாத்திரை வாங்க நின்ற மற்ற ஆண்களும் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள்.

4

வீட்டில் அக்கா கேட்ட முதல் கேள்வி: "கீத்து எங்க?"

"கீத்து தோட்டத்துல இருக்கு மதினி. பிள்ள எங்க?"

பின்கட்டில் ஒரு மூலையில் செல்வராணி பழைய பாயில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தனித் தட்டு, தனிச் செம்பு. அழுது முடித்த முகம். ஒச்சப்பன் எட்ட நிற்காமல் போய்க் குத்துக்காலிட்டு அவள் முன்னால் உட்கார்ந்தான்.

"என்ன தாயி, கணக்கெல்லாம் போட்டுப் பாத்தாச்சா?"

"எங்க மாமா போக விடுறாங்க" என்றாள்.

"போறதும் போகாததும் இருக்கட்டும். ஒனக்கு முடியுமா? வலி தாங்குமா? நெசத்தச் சொல்லு. முடியலன்னா முடியலன்னு சொல்லிரு, ஒரு தப்புமில்ல."

"முடியும் மாமா."

அன்று காலையிலிருந்து அந்தப் பிள்ளையிடம் முடியுமா என்று கேட்ட முதல் ஆள் அவன்தான். அக்கா சத்தம் போட்டாள். தீட்டோடு வெளியே அனுப்பினால் சாமிக் குத்தம் என்றாள், சந்தில் பாவு ஓடுகிறது, இழை அறுந்தால் தறிக்காரன் சும்மா விடுவானா என்றாள், ஆண்கள் நடுவில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பாவாடையில் கறை பட்டால் அப்புறம் எந்த மாப்பிள்ளை வருவான் என்றாள். ஒச்சப்பன் முழுவதையும் கேட்டான்.

"மதினி, குச்சு யாரு கட்டணும்?"

"நீதான்."

"நான் கட்டாம வேற எவனாவது கட்டலாமா?"

"அது எப்படிக் கட்டுவான்?"

"மூணு பரீட்சையும் முடிஞ்ச மக்காநாளு நான் கீத்து வெட்டுவேன். குச்சு கட்டுன நாள்லருந்து பதினாறு எண்ணிக்கங்க. அதுவரைக்கும் இந்த வீட்டுல யாரும் சமஞ்சதாக் கணக்கில்ல. மாமன் சொல்றேன்."

அக்கா காலமெல்லாம் காத்துவந்த முறையையே அவன் எடுத்துத் திருப்பி வைத்துவிட்டான். மாமன் சொல்லைத் தாண்ட அவள் சட்டத்தில் இடமில்லை.

"வெளங்காத பய" என்றாள். "ஒன் அக்கா மகளுக்கு ஒரு வாய் சோத்தையாவது வாங்கிக் குடு. காலையிலருந்து பட்டினி."

பெட்டியை அவன் முத்துலட்சுமியிடம் கொடுத்தான். கற்றுக்கொண்டு வந்ததை அவளுக்குச் சொன்னான். அவள் தலையைக் குனிந்துகொண்டு, ஆனால் ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். நான் பக்கத்து அறையில் இருந்தேன். தம்பி அக்காவுக்கு அதைச் சொல்வதும் அவள் நடுவில் "அப்ப ராத்திரிக்கு?" என்று சந்தேகம் கேட்பதும் சுவரைத் தாண்டிக் காதில் விழுந்தது. எங்களுக்குக் கல்யாணமாகி எத்தனையோ வருஷம். அவளுக்கு அந்த நாட்களில் துணி காயப்போட வெயில் படுகிற இடம் கிடையாது, ஈரத்துணியால் தொடையெல்லாம் புண்ணாகும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மறுநாள் பின்சுவரில் இரண்டு ஆணி அடித்துக் கொடி கட்டினேன். அன்று அவள் கொடுத்த காப்பியில் சர்க்கரை கூடுதலாக இருந்தது.

5

காலையில் சந்தில் பாவு நின்றது. வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை வெள்ளை இழைகள். எதிர்வீட்டுத் தறிக்காரர் கஞ்சிச் சட்டியோடு நின்றார். செல்வராணி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். நான் பின்பக்கமாகச் சுவர் ஏறிப் போகலாமா என்று யோசித்தேன்.

"அண்ணே" என்று ஒச்சப்பன் நேரே போனான். "எங்க பிள்ள நேத்து சமஞ்சிருச்சு. இன்னைக்குக் கணக்குப் பரீட்சை. இந்தப் பாவு ஓரமாப் போகணும். ஒங்களுக்கு மனசுக்கு ஒப்பலன்னா சொல்லுங்க, தோள்ல தூக்கிட்டுப் போயிருறேன்."

தறிக்காரர் சட்டியைக் கீழே வைத்தார். சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார்.

"தம்பி, எங்க வீட்டுல மூணு பொம்பளைக. முப்பது நாளும் ராட்டை சுத்துறாளுக. ஒருத்தியும் ஒருநாளும் நிறுத்துனதில்ல. நிறுத்துனா அடுப்பு எரியாது. நானும் கேக்குறதில்ல, அவளுகளும் சொல்றதில்ல. இழை எங்கய்யா அறுந்துச்சு?" பிறகு செல்வராணியைப் பார்த்து, "நீ போத்தா. கையில சாமிட்டிக் பாக்ஸு இருக்கா பாரு" என்றார். ஜியாமெட்ரி பாக்ஸுக்கு அவர் வைத்த பெயருக்கு அவள் சிரித்தாள். இரண்டு நாளில் அது முதல் சிரிப்பு.

பரீட்சை ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆண்கள் பள்ளிக்கூடத்தில். பெண்களுக்கு ஒரு பெரிய அறை ஒதுக்கியிருந்தார்கள். நாற்பத்திரண்டு பேர்; வாசலில் நின்று எண்ணினேன். ஒச்சப்பன் கட்டடத்தை ஒரு சுற்று சுற்றி வந்தான். பெண்களுக்கென்று ஒரு கழிப்பறைகூட இல்லை. ஆசிரியர்களுக்கு ஒன்று இருந்தது. அதில் பூட்டுத் தொங்கியது.

பரீட்சைப் பொறுப்பாளர் கண்ணாடி போட்ட, கண்டிப்பான மனிதர். மேஜையில் வினாத்தாள் கட்டுகள். என்ன வேண்டும் என்றார்.

"சார், அந்தக் கக்கூஸ் சாவி வேணும். எங்க பிள்ளைக்கு மாசக்கணக்கு வந்துருக்கு, இன்னைக்கு ரெண்டாம் நாளு. நடுவுல ஒருக்கா எந்திரிச்சுப் போகணும். துணைக்கு ஒரு டீச்சரம்மாவையும் நிறுத்தி வைங்க."

அவர் காது வரை சிவந்துவிட்டார். "இதையெல்லாம் ஏன்யா என்கிட்ட வந்து சொல்றீங்க?"

"வேற யார்கிட்டச் சொல்றது சார்? சாவி ஒங்ககிட்டல்ல இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார், படித்தவன் போலிருக்கிறானே, இவனாவது இந்த ஆளை அப்புறப்படுத்துவான் என்கிற பார்வை. வாசலில் எண்ணியது நினைவுக்கு வந்தது. "சார், நாற்பத்திரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்றேன். "மாதத்தில் நாலைந்து நாள் என்று வைத்தாலும், இன்றைக்கே ஆறேழு பேருக்காவது அந்த நாளாக இருக்கும்." கணக்குதான் சொன்னேன். கணக்காகச் சொன்னதால் என் வாய்க்கு வந்தது.

அவர் பேனாவை மூடினார். அவருக்கும் வீட்டில் பெண்மக்கள் இருந்திருப்பார்கள். ஆறேழு என்கிற எண்ணை அவர் அதற்கு முன் நினைத்துப் பார்த்ததே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்தார். ஒரு ஆசிரியையைக் கூப்பிட்டுக் கொடுத்தார். கொடுக்கும்போது அவரால் காரணம் சொல்ல முடியவில்லை. "பெண்களுக்கு" என்று மட்டும் சொன்னார். அந்த அம்மாள் அவரையும் ஒச்சப்பனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லதுங்க" என்றார்.

பரீட்சை முடிந்ததும் பொறுப்பாளரே வாசலுக்கு வந்து எங்களிடம் சொன்னார்: ஒன்பது பேர் போய் வந்தார்கள். என் கணக்கு குறைவு.

6

போன வாரம் இங்கே ஆஸ்பத்திரி நடைபாதையில் அந்தப் பெண்ணின் கணவன் அறிவிப்புப் பலகையைப் படிப்பதுபோல் நின்றுகொண்டிருந்தான். அதில் காலணியைத் துடைத்துவிட்டு உள்ளே வரவும் என்று எழுதியிருந்தது. பத்து நிமிஷமாக அதையே படித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, உள்ள வாங்க" என்றேன்.

"பொம்பளைங்க விசயம் அய்யா. நீங்க பேசுனாப் போதும்."

"நான் பஸ் ஏறிப் போயிருவேன். மாத்திரை எப்பக் குடுக்கணும், என்ன ஆனா திரும்பக் கூட்டியாரணும்னு வீட்டுல பாத்துக்கப் போறது யாரு?"

அவன் தயங்கினான். "எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்கய்யா."

"தெரியாதுன்னு உள்ள வந்து சொல்லுங்க. அவங்க சொல்லித் தருவாங்க."

வந்தான். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். நர்ஸ் அவனிடம் நேராகவே பேசினாள்; உதிரம் அதிகம் போய் உடம்பில் இரத்தம் குறைந்திருப்பதை நான் தமிழில் சொன்னேன். பாதியில் அவனே, "அப்ப மயக்கம் வர்றது அதனாலயா? நான் குளிர்னு நெனச்சேன்" என்றான். அந்தப் பெண் அவனைப் பார்த்த பார்வையை நான் மொழிபெயர்க்கவில்லை.

நம் ஆண்களுக்கு நான் சொல்ல நினைப்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. பெண் வயதுக்கு வந்தால் நாம் பத்திரிகை அடிக்கிறோம், பந்தல் போடுகிறோம், குழாய் ரேடியோ கட்டி மூன்று தெருவுக்குக் கேட்க அறிவிக்கிறோம். மாமன்மார் தாம்பாளம் தாம்பாளமாகச் சுமக்கிறார்கள். அந்த ஒருநாள் ஊருக்கெல்லாம் தெரியலாம். பிறகு மாதாமாதம் அவளுக்கு என்ன நடக்கிறது என்பது மட்டும் ஒரே கூரைக்குள் இருக்கிற அப்பனுக்கும் அண்ணன் தம்பிக்கும் புருஷனுக்கும் தெரியக்கூடாது. இந்தக் கணக்கு எனக்கு எந்தப் பக்கத்திலிருந்து கூட்டினாலும் சரியாக வரவில்லை. குச்சு கட்டுகிற உரிமையைத் தாய்மாமனுக்குக் கொடுத்தவர்கள், உள்ளே இருக்கிற பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கிற கடமையையும் அவனுக்குக் கொடுத்திருக்கலாம். ஒச்சப்பன் அதைத் தானாகவே எடுத்துக்கொண்டான்.

7

சரித்திரப் பரீட்சை முடிந்த மறுநாள் அவன் கீற்றோடு வந்தான். பச்சை வாசனை வீசக் குச்சு கட்டினான். பதினாறு நாளும் செல்வராணி அதற்குள் கதைப்புத்தகம் படித்தாள். சடங்கு அக்கா ஆசைப்பட்டபடியே நடந்தது.

பந்தியில் ஒச்சப்பனை ஒரு உறவுக்காரர் வம்புக்கிழுத்தார். "என்ன மாப்ள, பம்புசெட்ட விட்டுட்டுப் பஞ்சு யாவாரம்னு கேள்விப்பட்டேன்."

"ஆமாண்ணே. ஒங்க வீட்டுல மூணு பொம்பளைப் பிள்ள இருக்குல்ல? ஒரு பெட்டி அனுப்பவா?"

வரிசையில் இருந்தவர்கள் ரசத்தை உறிஞ்சுவதில் கவனமானார்கள். கை கழுவும் இடத்தில் அந்த உறவுக்காரர் ஒச்சப்பனுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். தண்ணீரை மெதுவாக ஊற்றிக்கொண்டே, "மாப்ள, எம்மூத்தவ அந்த நாள்ல சுருண்டு படுத்துக்கிறா. அந்த உசிலம்பட்டி டாக்டரம்மா இன்னும் இருக்காகளா?" என்று கேட்டார். ஒச்சப்பனுக்கு மெல்லப் பேச வராது. அன்றைக்கு எப்படியோ வந்தது.

மதிப்பெண் வந்த அன்று அவன் எங்கள் வீட்டில்தான் இருந்தான். செல்வராணி எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். பேரையூர்ப் பையன் பேச்சு அத்தோடு நின்றது. மேலே படிக்கட்டும் என்று அக்காவே சொல்லிவிட்டாள். நான் ஒவ்வொரு பாடமாக உரக்க வாசித்தேன். தமிழ் நன்று, ஆங்கிலம் நன்று, விஞ்ஞானம் மிக நன்று. கணக்கில் எழுபத்தெட்டு. எனக்கு முகம் சுருங்கியது. கணக்கனின் மகள், தொண்ணூறுக்குக் குறையாது என்று சங்கத்தில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

"என்னம்மா இது, கணக்குல போயி?"

"மச்சான்" என்றான் ஒச்சப்பன். "அது ரெண்டாம் நாளு."

நான் மதிப்பெண் தாளைக் கீழே வைத்தேன். அவன் அவள் பக்கம் திரும்பினான். "ரொம்ப வலிச்சுச்சா தாயி?"

"ரொம்ப மாமா. பாதியில எந்திரிச்சுப் போயிரலாமான்னு இருந்துச்சு. கண்ணு இருட்டிட்டு வந்துச்சு. ரெண்டு கணக்கத் தொடாமயே விட்டுட்டேன்." பிறகு அவள் என்னைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்து, என்னிடமே சொன்னாள்: "வயித்துவலிதான் அப்பா. ரெண்டும் எனக்குத் தெரிஞ்ச கணக்குதான்."

"சொல்லு பார்ப்போம்" என்றேன்.

ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தாள். கேள்விகள் அவளுக்கு அப்படியே நினைவிருந்தன. இரண்டையும் போட்டாள். நான் ஒவ்வொரு படியாகச் சரிபார்த்தேன். இரண்டும் சரி.

இன்றைக்கும் யாராவது என் மகள் எஸ்.எஸ்.எல்.சி. கணக்கில் எவ்வளவு வாங்கினாள் என்று கேட்டால் தொண்ணூறு என்றுதான் சொல்கிறேன். இரண்டு கணக்கு, ஆறு ஆறு மார்க்கு. கூட்டிப் பாருங்கள்.